கலவை மருந்து எழுத ஃபேமிலி டாக்டர்களுக்குச் சொல்லித் தருவது எப்படி: கொங்குப் பகுதி மருந்தாளுநர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காங்கேயம் பக்கமிருந்து ஒரு அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு எங்கள் கடைக்கு வந்தார். குழந்தைக்கு மூன்று மாதம், நாலு கிலோ எடை, இதயத்தில் ஓட்டை. கோயமுத்தூரில் பார்த்து அனுப்பியிருந்தார்கள். சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் (உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மருந்து) 25 மி.கி. மாத்திரை, காலை 1/6, இரவு 1/6 என்று இருந்தது.

"ஆறா எப்படிங்கம்மா பிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பிளேடுல வெட்டுவேனுங்க. ரெண்டு வெட்டுக்கு மேல தூளாப் போயிருதுங்க. அந்தத் தூள ஆறு குமியாக் குமிச்சு வெச்சிருவேனுங்க" என்றார். கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தும் காட்டினார். ஆறு குவியல் இருந்தது. ஒன்று கடுகளவு, பக்கத்தில் இருந்தது அதைப்போல இரண்டு மடங்கு.

அந்த அம்மா செய்ததில் தப்பே இல்லை. மாதாமாதம் அந்தச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்த ஊர் டாக்டரும் கெட்டிக்காரர்தான். அந்த மருந்தைக் கலவை மருந்தாக, அதாவது குழந்தையின் எடைக்குத் தக்க திரவமாகக் கடையிலேயே கலந்து, தர முடியும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம், மருந்தாளுநர்கள். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு மருந்தாளுநர் வேலையைக் கற்றுத்தரப் போகாதீர்கள். எந்தப் பொடி எதில் கரையும், எந்தப் பாகு எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் நம் தலைவலி. டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று: கலவை எங்கே தேவை, எங்கே கூடவே கூடாது, தேவைப்பட்டால் சீட்டில் எப்படி எழுதுவது.

முதல் படி: மதியம் ரெண்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போங்கள்

ஓட்டலில் ஹால் பிடித்து, புரொஜெக்டர் வைத்து நடத்தும் கூட்டங்களில் இதைச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அடுத்த மாதம் ஒரு சீட்டுகூட வரவில்லை.

நம் ஊர்களில் காலை ஓ.பி. முடிய ஒன்றரை, ரெண்டு மணி ஆகும். சாயங்காலம் டோக்கன் ஆரம்பிக்க அஞ்சு மணி. நடுவில் டாக்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் கேளுங்கள். முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவது நல்லது. எடுத்துப்போக வேண்டியவை: கண்ணாடி டம்ளர் இரண்டு, ஸ்பைரோனோலாக்டோன் ஒரு அட்டை, சின்னக் கல்வம், கடையில் தயாரித்த சஸ்பென்ஷன் பாகு (மருந்துத் தூளை அடியில் படியாமல் தாங்கும் பாகு) கொஞ்சம், 30 மி.லி. பழுப்புக் குப்பி, 1 மி.லி. வாய்வழி சிரிஞ்ச், மாதிரிச் சீட்டு ஒன்று. ஒரு தடவைக்கு ஒரு டாக்டர் போதும். அவரிடம் வேலை செய்யும் நர்ஸையும் கூட நிற்கச் சொல்லுங்கள். நோயாளிக்கு விளக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.

இரண்டாம் படி: அவருடைய சீட்டிலிருந்தே தொடங்குங்கள்

"கலவை மருந்து என்றால் என்ன" என்று ஆரம்பித்தால் கண் மணிக்கட்டுக்குப் போய்விடும். "டாக்டர், போன வாரம் கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரைன்னு யாருக்காவது எழுதுனீங்களா?" என்று கேளுங்கள். உடனே ஒரு முகம் அவர் நினைவுக்கு வரும்.

பின்னத்தில் எழுதிய சீட்டு ஒவ்வொன்றும் கலவைக்கு ஆள் காத்திருப்பதைக் காட்டுகிறது. அதற்கு அடுத்து முழுங்க முடியாதவர்கள்: பக்கவாதம் வந்து மூக்கில் குழாய் போட்டிருக்கும் பெரியவர், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் தேவைப்படும் மூளைவாதக் குழந்தை. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு முடித்து, எச்சில் முழுங்கவே உயிர் போகிறது என்று வீடு திரும்புகிறவருக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சேர்த்த கொப்பளிப்பு கலந்து தரலாம். ஆறாத புற்றுப்புண்ணின் வாடையால் வீட்டுக்காரர்களே அறைக்குள் போகத் தயங்கும் நிலையில், மெட்ரோனிடசோலைப் பொடித்துப் புண்மேல் தூவினால் வாடை நன்றாகக் குறையும். இப்படிப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிய பிறகு பார்ப்பது ஊர் டாக்டர்தான். ஆகவே இதைச் சொல்லித் தர வேண்டியதும் அவருக்குத்தான்.

மூன்றாம் படி: டம்ளரைக் காட்டுங்கள்

நான் இதுவரை சொன்னதில் டாக்டர்கள் மறக்காதது இது ஒன்றுதான். அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒரு மாத்திரையைக் கல்வத்தில் பொடித்து, 25 மி.லி. தண்ணீர் உள்ள டம்ளரில் கொட்டிக் கலக்குங்கள். கணக்குப்படி 1 மி.லி.க்கு 1 மி.கி. "மாத்திரையக் கரைச்சு நாலு மில்லி குடுங்க" என்று பல சீட்டுகளில் இருப்பது இதுதான். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளைப் படிவு. மேலாக நாலு மில்லி எடுத்தால் குழந்தைக்கு மருந்து சரியாகப் போகாது. கடைசியாக மிஞ்சியதை எடுத்தால் மொத்தமும் போய்ச் சேரும்.

இன்னொரு மாத்திரையைப் பொடித்து, பாகை முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு விழுதாக்கி, பிறகு மீதிப் பாகை ஊற்றி இரண்டாவது டம்ளரில் வையுங்கள். அது கலங்கலாகவே நிற்கும். வேறு விளக்கம் தேவைப்படாது.

பெருந்துறைப் பக்கத்து டாக்டர் ஒருவர் என்னைக் கேட்டார்: "அடியில நிக்கறது பாதிக்கு மேல மாத்திரை மாவுதானுங்களே?" நல்ல கேள்வி. மாவும்தான். ஆனால் ஸ்பைரோனோலாக்டோனும் தண்ணீரில் கரையாது. மாவோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும். ப்ரோப்ரனலால் போல நன்றாகக் கரையும் மருந்துகளும் இருக்கின்றன. எது எந்த ரகம் என்று டாக்டர் மனப்பாடம் பண்ண வேண்டாம், கடைக்கு ஒரு போன் போட்டால் போதும் என்று சொல்லுங்கள்.

நான்காம் படி: எங்கே வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்

டம்ளரைப் பார்த்த உற்சாகத்தில் டாக்டர் எல்லாவற்றுக்கும் கலவை கேட்க ஆரம்பிப்பார். இங்கே நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும், வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

ரெடிமேடாகக் கிடைப்பதைக் கலக்கக் கூடாது. மஞ்சக்காட்டிலும் நெல்வயலிலும் நின்று பித்தவெடிப்போடு வருகிறவருக்கு சாலிசிலிக் அமிலக் களிம்பு கலந்து தரச் சொல்லிச் சீட்டு வரும். 6 சதவீதத்திலும் 12 சதவீதத்திலும் கம்பெனிக் களிம்பே கடையில் இருக்கிறது. யூரியா கிரீமும் இருக்கிறது. ஆய்வகத்தில் சோதித்து வந்த டியூப் இருக்கும்போது நாம் கலந்தது எதற்கு? போதாக்குறைக்கு, வந்தவருக்குச் சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் அந்த அமிலமே புண்ணாக்கிவிடும்.

எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று வாலோடு வரும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே வாயில் இறங்கிவிடும். பான்டோபிரசோல் மாதிரி மேல்பூச்சோடு வருவதைப் பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகும். வார்ஃபரின், டிகாக்சின், ஃபெனிடாய்ன் போன்றவற்றில் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து. சிறப்பு மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற நச்சுத்தன்மையுள்ள மாத்திரைகளை யாரும் சும்மா மேசையில் வைத்துப் பொடிக்கக் கூடாது, தூள் பறக்கும்.

கண் சொட்டு மருந்தும் ஊசியும் நம் கடையில் கலக்கவே கூடாது. சோளத்தட்டோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறி, கருவிழியில் புண்ணோடு வருகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அந்தப் புண்ணுக்கு வீரியம் கூட்டிய சொட்டு மருந்து கலப்பார்கள் என்று டாக்டர் கேள்விப்பட்டிருப்பார். கலப்பது உண்மைதான், ஆனால் கிருமி நீக்கிய அறையுள்ள கண் ஆஸ்பத்திரியில். கோவை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே அனுப்பிவிடுவதுதான் சரி. 2012இல் அமெரிக்காவில் கலவை மருந்தகம் ஒன்று தயாரித்த ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்துபோய், 750 பேருக்கு மேல் நோயுற்று 60 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஊசி தயாரித்து மாநிலம் மாநிலமாக அனுப்பிய இடத்திலேயே அந்தக் கதி.

அப்புறம் முகம் வெளுக்கும் கிரீம். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மூன்றையும் கலந்து "நம்ம ஃபார்முலா" ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். தோல் மருத்துவர் குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதினால் அது வேறு விஷயம். ஸ்டீராய்டு களிம்பைக் கண்டபடி தடவித் தோல் மெலிந்து, படர்தாமரை உடம்பெல்லாம் பரவி வருகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். 2018இல் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசு இறுக்கியதும் இதனால்தான்.

ஐந்தாம் படி: சீட்டு எழுதுவது

மாதிரிச் சீட்டை மேசையில் வைத்து, டாக்டரையே அவர் கையால் ஒன்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் காங்கேயத்துக் குழந்தைக்கு நாங்கள் எழுதி வாங்கியது இப்படி:

குழந்தையின் பெயர், முகவரி. வயது 3 மாதம். இன்றைய எடை 4 கிலோ.
ஸ்பைரோனோலாக்டோன் சஸ்பென்ஷன், 1 மி.லி.யில் 5 மி.கி. — 30 மி.லி. கலந்து தரவும்.
ஒரு வேளைக்கு 4 மி.கி., அதாவது 0.8 மி.லி. காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. 14 நாள்.
ஆல்கஹால் சேர்க்க வேண்டாம்.
காரணம்: இந்த எடைக்குத் தக்க ரெடிமேடு கிடைக்கவில்லை.
தேதி, கையெழுத்து, பதிவு எண்.

கணக்கையும் கூடவே போட்டுக் காட்டுங்கள். 30 மி.லி.க்கு 150 மி.கி. வேண்டும், அதாவது 25 மி.கி. மாத்திரை ஆறு. ஒரு நாளைக்கு 1.6 மி.லி., 14 நாளுக்கு 22.4 மி.லி. சிந்தியது, குப்பியில் ஒட்டியது போக 30 மி.லி. போதும்.

மூன்று இடங்களில் தப்பு நடக்கும். முதலாவது, மி.லி. மட்டும் எழுதுவது. "0.8 மி.லி." என்று மட்டும் இருந்தால் எத்தனை மி.கி. என்று யாருக்கும் தெரியாது. மி.கி. முதலில், மி.லி. பிறகு, இரண்டும் வேண்டும். இரண்டாவது, புள்ளி. ".8" என்று எழுதினால் 8 ஆகப் படிக்கலாம், "4.0" என்று எழுதினால் 40 ஆகப் படிக்கலாம். "0.8" என்றும் "4" என்றும்தான் எழுத வேண்டும். மூன்றாவது, வீரியம். அதைப் பற்றி என் கைப்பட நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழந்தைக்கு இதே மருந்தை 1 மி.லி.க்கு 1 மி.கி. என்று கலந்து வந்தேன். ஒரு வேளைக்கு 4 மி.லி. குழந்தை துப்புகிறது என்று சொன்னதால், அடுத்த குப்பியை 5 மி.கி. வீரியத்தில் கலந்து, லேபிளில் 0.8 என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. குப்பியை வாங்கிப்போனது குழந்தையின் மாமா, மருந்து ஊட்டுவது அப்புச்சி. அவர் வழக்கம்போல 4 மி.லி. ஊட்டிவிட்டார், ஐந்து மடங்கு. அடுத்த வேளைக்குக் குப்பியை எடுத்தவர் "இந்தவாட்டி குப்பி சிறுசா இருக்குதே" என்று சந்தேகப்பட்டுப் போன் செய்ததால் அந்த ஒரு வேளையோடு நின்றது. இந்த மருந்து கூடினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் என்பதால் அன்றிரவே ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்தார்கள்; குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு மருந்துக்கு ஒரே வீரியம்தான். அந்தப் பட்டியலை அச்சடித்து டாக்டர்களின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். நீங்களும் பக்கத்து ஊர்க் கடைகளோடு பேசி ஒரே பட்டியலாக வைத்துக்கொண்டால், குழந்தை தாராபுரத்தில் வாங்கினாலும் பல்லடத்தில் வாங்கினாலும் அதே 0.8தான்.

எடையைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை குப்பிக்கு வரும்போது எடை பார்த்து அளவைத் திருத்தலாம். ஸ்பைரோனோலாக்டோனோடு, பொட்டாசியத்தை ஏற்றும் எனலாப்ரில் போன்றது ஏதாவது போகிறதா, பொட்டாசியம் எப்போது பார்த்தது என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஆறாம் படி: எந்தக் கடைக்கு அனுப்புவது

டாக்டர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது. நாமே சொல்லிவிட வேண்டும். மருந்து விதிகள் 1945இல் பெயர்ப்பலகைக்கே விதி இருக்கிறது. மருந்தாளுநர் இருந்தும் கலந்து தரும் வசதி இல்லாத கடை "கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரகிஸ்ட்ஸ்" என்றுதான் போட வேண்டும். "பார்மசி" என்று போடுவதென்றால் அந்த விதிகளின் 'N' அட்டவணை சொல்லும் தராசு, அளவைக் குடுவை, இடவசதி எல்லாம் இருக்க வேண்டும். இன்றைக்கு எல்லாப் பலகையிலும் பார்மசி என்று இருப்பதால் பலகையை நம்ப வேண்டாம், தராசைக் காட்டச் சொல்லுங்கள். பார்மசி சட்டம் 1948இன் 42ஆம் பிரிவுப்படி டாக்டரின் சீட்டுக்கு மருந்து கலக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டும்தான். கடைப் பையன் கலக்கக் கூடாது. அதேபோல, ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாகக் கலக்க வேண்டும். நூறு குப்பி முன்கூட்டியே கலந்து அடுக்கினால் அது உற்பத்தி, அதற்கு வேறு உரிமம்.

டாக்டர் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: "பாகுல சேர்க்கற கிளிசரினும் ப்ரோபிலீன் கிளைகாலும் எங்க வாங்குறீங்க?" 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்த இருமல் மருந்து நம் தமிழ்நாட்டில் தயாரானது. அதில் இருந்தது டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு. தரமில்லாத கிளிசரினிலும் ப்ரோபிலீன் கிளைகாலிலும் அது கலந்திருக்கலாம். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றதும் அதே நஞ்சுதான். மருந்துத் தரச் சரக்கு, ஒவ்வொரு தொகுதிக்கும் அந்த நஞ்சு இல்லை என்ற சோதனைச் சான்று, இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். நான் அந்தக் கோப்பைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுவேன்.

ஏழாம் படி: கெடுவும் வெயிலும்

அமெரிக்க மருந்துநூலான யு.எஸ்.பி.யின் 795ஆம் பிரிவு, 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்பு, கணக்கைத் தெளிவாக வைத்திருக்கிறது. தனி ஆய்வு இல்லாதபட்சத்தில், கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத நீர்க்கலவை ஃப்ரிட்ஜில் 14 நாள். சேர்த்தது 35 நாள். நீரில்லாத வாய்வழித் திரவம் 90 நாள். நீரில்லாத களிம்பு 180 நாள். இவை உச்ச வரம்பு.

கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் திரவத்தையே விட்டுவிடுங்கள். அளந்த தூளை லாக்டோஸோடு கலந்து, வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துத் தரலாம். பழைய கம்பவுண்டர்கள் செய்த அதே பொட்டலம்தான். ஈரம் படாத டப்பாவில் வைத்து, கொடுக்கும் நேரத்தில் ஒரு பாலாடை தாய்ப்பாலில் கலந்து பொட்டலம் முழுவதையும் ஊட்டிவிட வேண்டும்.

எட்டாம் படி: ஊட்டுகிறவர் கையில் சிரிஞ்ச்

நர்ஸுக்குச் சொல்லித் தரவேண்டியது இது. குப்பியைக் குலுக்கி, சிரிஞ்சில் 0.8 வரைக்கும் இழுத்து, அந்தக் கோட்டில் கலர் டேப் ஒட்டிக் கொடுங்கள். "எங்க, நீங்க ஒருக்கா எடுத்துக் காட்டுங்க அம்மிணி" என்று அவரையே செய்யச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கும். அதில் அளக்கவே கூடாது. அதன் கோடுகள் யூனிட் கணக்கு. 40 யூனிட் சிரிஞ்ச் என்றால் 40 யூனிட் என்பது 1 மி.லி. "8" என்று பார்த்து எடுத்தால் 0.2 மி.லி.தான் வரும். ஊட்டுவது அப்பத்தாவா, அம்மாயியா என்று கேட்டு, முடிந்தால் அவரையும் ஒருநாள் வரச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் பத்துச் சீட்டு

முதல் பத்துச் சீட்டுக்கும் கலக்கும் முன் டாக்டருக்குப் போன் செய்து படித்துக் காட்டுங்கள்: பெயர், எடை, மி.கி., மி.லி., எத்தனை நாள். ஒரு நிமிடம்கூட ஆகாது. திருத்தம் ஏதாவது இருந்தால் அவரையே சீட்டில் திருத்திக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், நாமாக மாற்ற வேண்டாம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் செய்து, குழந்தை துப்புகிறதா, குப்பியின் அடியில் கட்டி தட்டுகிறதா என்று கேட்டு, பதிலை டாக்டருக்குச் சொல்லுங்கள். நாங்கள் கலந்த மருந்து போய்ச் சேர்ந்த வீட்டில் என்ன ஆனது என்று டாக்டருக்குத் தெரியவரும்போதுதான் அவர் அடுத்த சீட்டை எழுதுகிறார்.

காங்கேயத்துக் குழந்தைக்கு அந்த ஊர் டாக்டர் எழுதிய மூன்றாவது சீட்டில் எடை 4.6 கிலோ என்று இருந்தது. பக்கத்திலேயே 4.6 மி.கி., 0.92 மி.லி. என்று கணக்கும் போட்டிருந்தார். நான் போன் செய்தேன். சிரிஞ்சில் 0.92 என்று ஒரு கோடு இல்லை, 0.9 என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சரிங்க, 4.5 மி.கி.ன்னே திருத்திக் குடுக்கறேன், சீட்டக் குடுத்து அனுப்புங்க" என்றார்.